விதானையாருக்கு அனுப்பிய குளிர்சாதனப் பெட்டி

எங்கள் காப்புறுதி நிறுவனம் கிளைகளுக்குத் தரும் நடைமுறைக் கோவையின் ஏழாவது அத்தியாயம், நான்காவது பந்தி. ஒரு வாடிக்கையாளரை நமக்கு அறிமுகப்படுத்தியவருக்கு நன்றியாகக் கொடுக்கும் பொருள் ஒரு நாட்குறிப்பு, ஒரு நாட்காட்டி, ஒரு பேனா என்ற அளவைத் தாண்டக் கூடாது. தாண்ட வேண்டுமென்றால் தலைமைக் காரியாலயத்தின் எழுத்துமூலமான முன்அனுமதி வேண்டும். ‘முன்’ என்ற சொல்லின் கீழே கோடு இழுத்திருப்பார்கள். புதிய முகவர்களுக்கு இந்தப் பந்தியைப் பல வருடங்கள் வகுப்பெடுத்தவன் நான். அதை மீறியவனும் நான்தான். மீறிய நேரத்தில் பந்தியின் இலக்கம்கூட எனக்கு ஞாபகம் இருந்தது.

தம்பிமாரே, தங்கச்சிமாரே, உங்கள் கிளை முகாமையாளர் ஜெயராணி, ஓய்வுபெற்று வீட்டில் இருக்கும் என்னைத் தொலைபேசியில் அழைத்து, புதிதாகச் சேர்ந்தவர்களுக்கு என் அனுபவம் ஏதாவது எழுதித் தரச் சொன்னார். கிளையை நடத்துவது பற்றி எழுத எனக்குத் தகுதியில்லை. அந்தக் கதிரையில் அவர் இருக்கிறார், நான் இருந்ததில்லை. ஆகவே முதல் மாதத்திலேயே நீங்கள் எல்லோரும் கேட்கப்போகும் கேள்வியை எடுத்துக்கொள்கிறேன். நமக்கு ஆள் அனுப்புகிறவருக்குப் பெரிதாக ஏதாவது கொடுத்தால், அவர் இன்னும் ஆள் அனுப்புவாரா?

இந்தக் கேள்விக்கு நான் பரிசோதனை செய்து பார்த்திருக்கிறேன். பரிசோதனைக்குக் காரணம் வியாபார ஆர்வமல்ல, பொறாமை. அதை மறைத்து எழுதினால் மீதிக் கதை உங்களுக்கு விளங்காது.

ஜெயராணி எனக்கு எட்டு வருடம் பின்னால் கல்முனைக் கிளைக்கு வந்தவர். மெதடிஸ்த குடும்பம், அதற்கு முன் பாலர் பாடசாலையில் படிப்பித்தவர். வந்த புதிதில் முன்மொழிவுப் படிவத்தைக்கூடப் பிழையாக நிரப்புவார். சிவப்புப் பேனாவால் திருத்திக் கொடுத்தது நான். நடைமுறைக் கோவையை ஒருநாளும் முழுதாக வாசித்தவரல்ல. ஆனால் வருட முடிவில் ‘பிறர் அறிமுகப்படுத்தி வந்த வாடிக்கையாளர்கள்’ என்று ஒரு பட்டியல் போடுவார்களே, அதில் ஆறு வருடம் தொடர்ந்து முதல் பெயர் அவருடையது. இரண்டாவது பெயர் என்னுடையது. இரண்டாவதும் நல்ல இடந்தானே என்று எனக்கு ஆறுதல் சொன்னவர்கள் எல்லோரும் மூன்றாவதாக வந்தவர்கள்.

காலையில் காரியாலயத்துக்கு வந்தால் முதலில் அவருடைய ஸ்கூட்டி நிற்கிறதா என்று பார்ப்பேன். நின்றால், எனக்கு முந்தி வந்துவிட்டார் என்று எரியும். நிற்காவிட்டால், எங்கோ ஒரு வீட்டில் தேத்தண்ணி குடித்துக்கொண்டு ஆள் பிடிக்கிறார் என்று எரியும்.

ஒருமுறை ஒலுவிலில் படகொன்றின் சேத மதிப்பீட்டுக்குப் போக வேண்டியிருந்தது. அவருக்கும் அந்தப் பக்கம் வேலையிருந்ததால் ஒரே ஓட்டோவில் போனோம். அவருடைய மடியில் ஒரு பிளாஸ்டிக் கிண்ணம், அதற்குள் எலுமிச்சை, நம் தேசிக்காய், மூன்று. என்னவென்று கேட்டேன். போன தடவை அந்த வீட்டில் அதில் கறி போட்டுத் தந்தார்களாம். கிண்ணத்தை வெறுமையாகத் திருப்பிக் கொடுக்க ஏலாதல்லவா என்றார். நம் பக்கத்து வழக்கம்தான். எல்லா வீட்டிலும் இருப்பது. ஆனால் காப்புறுதி முகவர் ஒருவர் கறிக் கிண்ணத்தோடு வேலைக்குப் போவதை நான் அன்றுதான் பார்த்தேன். திரும்பி வரும்போது அதே கிண்ணத்தில் கருவாடு இருந்தது. இரண்டு புதிய வாடிக்கையாளரின் தொலைபேசி இலக்கமும் இருந்தது. அந்த வீட்டுக்காரருக்கு நான் முந்திய வருடம் தோல் உறை போட்ட நாட்குறிப்பு கொடுத்திருந்தேன். அதில் அவருடைய மகள் பாட்டு எழுதி வைத்திருந்தாள்.

மூன்று தேசிக்காய்க்கு இரண்டு ஆள் என்றால், உண்மையான பரிசு ஒன்றுக்கு எத்தனை ஆள் வரும்? ஓட்டோவில் வந்துகொண்டே நான் யோசித்தது இதைத்தான். சிரிக்காதீர்கள், உங்களிலும் இரண்டு பேர் இப்போது அதைத்தான் யோசிக்கிறீர்கள்.

அந்த நேரத்தில் எனக்கென்று ஒருவர் இருந்தார். வரிப்பத்தான்சேனைப் பக்கம் மீராலெவ்வை என்று ஒரு வட்டவிதானை. வயல் வட்டையில் யாருக்கு எப்போது தண்ணீர் திறப்பது என்று பார்ப்பவரை வட்டவிதானை என்போம். அரசாங்க உத்தியோகமல்ல. போகம் தொடங்குமுன் நடக்கும் கூட்டத்தில் விவசாயிகளே கை உயர்த்தித் தெரிவு செய்வார்கள். வாய்க்காலின் தலைமாட்டில் வயல் உள்ளவருக்கும் கடைக்கோடியில் வயல் உள்ளவருக்கும் அவர் ஒரே மாதிரி இருக்க வேண்டும். இந்த மனிதர் யாரிடமும் ஒன்றும் வாங்கமாட்டார் என்ற பேச்சு இருக்கும்வரைக்கும்தான் அவருடைய சொல் எடுபடும். மீராலெவ்வைக்கு அந்தப் பேச்சு பதினாறு வருடமாக இருந்தது.

அவருடைய உழவு இயந்திரம் வாய்க்காலுக்குள் புரண்டபோது இழப்பீட்டை நான் பத்து நாளுக்குள் எடுத்துக் கொடுத்தேன். படிவங்களைச் சரியாக நிரப்பினால் பத்து நாளில் வரும். அது என் தனித்திறமையல்ல. ஆனால் அவர் அதை மனதில் வைத்துக்கொண்டார். அதன்பின் ஒன்றரை வருடத்தில் ஒன்பது பேர் அவருடைய சொல்லில் என்னிடம் வந்தார்கள். உழவு இயந்திரக்காரர்கள், வெட்டு மெசின் என்று நாம் சொல்லும் அறுவடை இயந்திரம் வைத்திருப்பவர்கள், ஒரு லொறிக்காரர். அந்த வருடப் பட்டியலில் ஜெயராணிக்கும் எனக்கும் இடையில் நான்கு பேர்தான் வித்தியாசம். ஆறு வருடத்தில் அவ்வளவு கிட்ட நான் போனதில்லை.

விதானையாருக்கு இரட்டைக் கதவு வைத்த குளிர்சாதனப் பெட்டி ஒன்றை அனுப்புவதென்று தீர்மானித்தேன். தலைமைக் காரியாலயத்திடம் கேட்டால் மறுப்பார்கள் என்று தெரியும். ஆகவே என் சொந்தப் பணத்தில் வாங்கினேன். பந்தி நான்கு நிறுவனத்தின் பரிசைப் பற்றித்தான் பேசுகிறது, தனிமனிதனின் பரிசைப் பற்றியல்ல என்று எனக்கு நானே தீர்ப்பு எழுதிக்கொண்டேன். வகுப்பில் ஒரு புதுமுகவர் இப்படி வாதாடியிருந்தால் எழுப்பி நிற்க வைத்திருப்பேன்.

கல்முனையில் கடைக்காரர் பெட்டியைச் சுற்றி மஞ்சள் நாடா கட்டித் தந்தார். கூடவே ஓர் அட்டை. ‘ஒன்பது வாடிக்கையாளர்களை அறிமுகப்படுத்தியமைக்கு நன்றி’ என்று என் கையால் எழுதினேன். லொறியில் ஏற்றியதும் பெட்டியும் நாடாவும் அட்டையும் தெரியும்படி ஒரு படம் எடுத்து, வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் போட்டேன்.

அந்தப் படம் ஓர் ஆளுக்காக. அரை மணித்தியாலத்தில் யார் பார்த்தது என்ற பட்டியலைத் திறந்தேன். ஜெயராணி பார்த்திருந்தார். அந்தப் பின்னேரம் எனக்கு வந்த சந்தோசம் பட்டியலில் முதலாவது வந்திருந்தால்கூட வந்திருக்குமோ தெரியாது. அவருடைய பெயருக்குக் கீழே வேறு பெயர்களும் இருந்தன. அவற்றை நான் வாசிக்கவில்லை. விதானையார் அனுப்பிய ஒன்பது பேரும் தங்கள் காப்புறுதி முகவரின் இலக்கத்தைத் தொலைபேசியில் பதிந்து வைத்திருப்பார்கள் என்று யோசிக்க எனக்கு நேரமிருக்கவில்லை.

போதாததற்கு, லொறிச் சாரதி ஊருக்குள் போய் வீடு தெரியாமல் மூன்று கடைகளில் விசாரித்திருக்கிறார். இன்சூரன்ஸ் கம்பனி விதானையாருக்குப் பிரிஜ் குடுத்தனுப்பியிருக்கு, வீடு எங்கே என்று.

நான்காம் நாள் என் வீட்டு வாசலில் ஒரு கைமெசின், இரண்டு சக்கர உழவு இயந்திரம், இழுவை வண்டியோடு வந்து நின்றது. இரண்டு மூட்டை கீரிச் சம்பா அரிசி. விதானையார் தந்துவிட்டார் என்று இறக்கி வைத்துவிட்டுப் போனார்கள். எனக்குத் தலைகால் புரியவில்லை. மறுநாள் காரியாலயத்தில் எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னேன்: பார்த்தீர்களா, கொடுத்தால் உறவு இறுகும். ஜெயராணி தன் மேசையில் ஏதோ எழுதிக்கொண்டிருந்தார். நிமிரவில்லை.

“சேர், அவர் உறவு கொண்டாட அனுப்பல்ல. ஒங்கட சாமானுக்கு ஈடு செய்து கையைக் கழுவிட்டார்.”

“உங்களுக்கு வயிறெரிச்சல், மிஸ்” என்றேன். சிரித்துக்கொண்டுதான் சொன்னேன். அவரும் சிரித்தார். நான் சிரித்தது வென்றவன் சிரிப்பென்று அப்போது நினைத்திருந்தேன்.

அதன் பின்னர் வரிப்பத்தான்சேனையிலிருந்து ஒருவரும் வரவில்லை. ஒரு மாதம், இரண்டு மாதம். அறுவடை முடிந்து இயந்திரக்காரர்கள் கையில் பணம் இருக்கும் காலத்திலும் வரவில்லை. விதானையாருக்கு அழைத்தால் ஸலாம் சொல்லுவார், பிள்ளைகளின் சுகம் கேட்பார், வயலில் வேலை இருக்கிறதென்று வைத்துவிடுவார்.

பெரும்போகம் தொடங்கியபின் நசீர் என்ற வெட்டு மெசின்காரர் காரியாலயத்துக்கு வந்தார். ஒன்பது பேரில் இரண்டாவதாக வந்தவர், என்னை அண்ணன் முறையில் ‘நானா’ என்று கூப்பிடுகிறவர். காப்புறுதியைப் புதுப்பிக்கப் போவதில்லை என்று சொல்ல வந்திருந்தார். அதைத் தொலைபேசியிலேயே சொல்லியிருக்கலாம். நேரில் சொல்ல விரும்பியிருக்கிறார்.

“நாங்க விதானையார்ர சொல்லுக்கு வந்த, நானா. அவர் நல்லதுக்குச் செல்றார் எண்டு நெனச்சம். நீங்க எங்கள எண்ணி அட்டையில எழுதி அவருக்குச் சாமான் குடுத்திரிக்கிங்க. ஒம்பது பேர். நான் அதுல எத்தினயாவது?”

அவர் ஒன்றும் கேட்டு வாங்கவில்லையென்று சொன்னேன். அது எங்களுக்கு எப்படித் தெரியும் என்றார். பிறகு நடந்ததைச் சொன்னார். பெரும்போக ஆரம்பக் கூட்டத்தில் கடைக்கோடி வயற்காரர் ஒருவர் எழுந்து, ஆள் காட்டிப் பிரிஜ் வாங்குகிறவர் தண்ணி காட்டி என்ன வாங்குவார் என்று கேட்டிருக்கிறார். விதானையார் பதில் சொல்ல எழும்பியிருக்கிறார். ஆனால் படம் எல்லோருடைய தொலைபேசியிலும் இருந்தது. கை உயர்த்தச் சொன்னபோது அவருக்கு உயர்ந்த கைகள் சொந்தக்காரர்களுடையவை மட்டும். பதினாறு வருடத்துக்குப் பிறகு வட்டைக்கு வேறு விதானை.

அந்தப் பெட்டியை அவர் ஒருநாளும் மின்சாரத்தில் மாட்டவில்லையாம். நாடாகூட அவிழ்க்காமல் விறாந்தையில் போட்டு வைத்து, கூட்டத்துக்கு முன்னமே குர்ஆன் மத்ரசாவுக்குக் கொடுத்துவிட்டார். அதுவும் அவருக்கு எதிராகவே பேசப்பட்டிருக்கிறது. சுத்தமான சாமானென்றால் ஏன் கொடுக்க வேண்டும் என்று.

நசீர் போனார். ஜெயராணி தேத்தண்ணி கொண்டுவந்து வைத்தார். முழுதும் கேட்டிருப்பார்; எங்கள் மேசைகளுக்கு நடுவில் ஓர் இரும்பு அலுமாரிதான்.

“நீங்க ஆள் அனுப்புறவங்களுக்கு என்னதான் குடுக்கிற?” என்று கேட்டேன். ஆறு வருடமாகக் கேட்காமல் வைத்திருந்த கேள்வி. கேட்டால் தோல்வி என்று வைத்திருந்தேன்.

“ஒண்டும் குடுக்கிறல்ல, சேர். அவங்க அனுப்பின ஆளுக்கு என்ன நடந்த எண்டு போய்ச் சொல்லுவன். கிளெயிம் கிடைச்சா கிடைச்ச எண்டு, இழுபட்டா ஏன் இழுபடுது எண்டு. அந்த ஆளிட்ட நாளைக்கு அவங்கதானே முகம் குடுக்கணும். மறுகா, தாற தேத்தண்ணியக் குடிப்பன். அவ்வளவுதான்.”

பிள்ளைகளே, நீங்கள் குறித்துக்கொள்ள வேண்டியது இது. நமக்கு ஒருவரை அனுப்புகிறவர், அந்த மனிதரிடம் தன் பெயரைப் பணயம் வைத்துவிட்டுத்தான் அனுப்புகிறார். அவருக்குத் தேவை அந்தப் பெயர் பத்திரமாக இருக்கிறது என்ற செய்தி. அதற்கு நாம் பரிசு கொடுத்தால், அதுவும் பெரிய பரிசாகக் கொடுத்தால், அவர் சிநேகிதனுக்குச் செய்த உதவி ஒரே நாளில் தரகு ஆகிவிடுகிறது. மூன்று தேசிக்காயைப் பார்த்து யாரும் தரகு என்று சொல்லமாட்டார்கள். ஜெயராணி இதையெல்லாம் யோசித்துச் செய்யவில்லை, இயல்பாகச் செய்தார். அதுதான் எனக்கு இன்னும் அதிகமாக எரிந்தது. படித்துத் தெரிந்தவரிடம் தோற்றிருந்தால் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

செய்ய வேண்டியது என்னவென்று அன்றே எனக்குத் தெரிந்துவிட்டது. அடுத்து வரும் சிறுபோகத்தின் ஆரம்பக் கூட்டத்துக்கு முன்னர், விதானையார் மேல் பிழையில்லை என்று விவசாய அமைப்புக்கு ஒரு கடிதம் போக வேண்டும். தனிப்பட்ட கடிதமென்றால் சிநேகிதனைக் காப்பாற்ற எழுதியது என்று தள்ளிவிடுவார்கள். நிறுவனத்தின் கடிதத் தாளில், இலக்கமிட்டு, முத்திரை குத்திப் போக வேண்டும். அப்படிப் போகும் கடிதத்தின் பிரதி ஒன்று தலைமைக் காரியாலயத்துக்கு அனுப்பப்பட வேண்டும். அதாவது, நான் ஏழாம் அத்தியாயத்தை மீறினேன் என்பதை நானே மேலே அறிவிக்க வேண்டும்.

அதே வாரங்களில்தான் எங்கள் முகாமையாளருக்கு மாற்றம் வந்து, அவருடைய இடத்துக்கு நேர்முகப் பரீட்சை அறிவித்திருந்தார்கள். தகுதியானவர் இருவர். மற்றவர் யாரென்று சொல்லத் தேவையில்லை. நேர்முகம் சிறுபோகக் கூட்டம் நடந்து பத்து நாளுக்குப் பிறகு. பதினொரு நாள் பொறுத்தால் கதிரையும் கிடைக்கலாம், கடிதமும் எழுதலாம். ஆனால் கூட்டம் முடிந்திருக்கும்.

நான் நல்லவனைப் போல உடனே எழுதினேன் என்று நினைக்க வேண்டாம். மூன்று வாரம் இழுத்தேன். பிறகு எழுதியதும் ஒரு கெட்டித்தனமான கடிதம். ‘அண்மையில் வழங்கப்பட்ட பொருளொன்று தொடர்பாக ஏற்பட்ட தவறான புரிதல் குறித்து வருந்துகிறோம்’ என்று தொடங்கியது. யார் வழங்கினார், யாருடைய தவறு என்று எங்கும் இல்லை. இப்படி எழுதுவதற்கு முப்பது வருடப் பயிற்சி வேண்டும். முத்திரை ஜெயராணியின் பொறுப்பில் இருந்ததால் அவரிடம் கொடுக்க வேண்டியிருந்தது. இரண்டு முறை வாசித்தார்.

“இதில ஆரு செய்த எண்டு இல்லையே, சேர்.”

“அது போதும், மிஸ். அடியுங்க முத்திரையை.”

“அடிக்கலாம். வாசிச்சா அந்த மனிசன்தான் செய்த எண்டு நினைப்பாங்க.” கடிதத்தை என் பக்கம் தள்ளி, “நேர்முகம் முடியும்வரைக்கும் நீங்க பொறுத்தாலும் நான் ஒண்டும் சொல்லமாட்டன்” என்றார்.

அவர் அதை மனதாரச் சொன்னார். தன் போட்டியாளனிடம், நீ தப்பிக்கலாம், நான் பார்த்துக்கொண்டிருக்கிறேன் என்று சொல்லவில்லை. தப்பிக்கலாம் என்று மட்டும் சொன்னார். அந்த இரக்கத்தை என்னால் தாங்க முடியவில்லை. நான் நேர்மைக்காகத்தான் கடிதத்தை மாற்றினேன் என்று சொல்ல ஆசைதான். அதைவிட, அவர் தந்த சலுகையில் அந்தக் கதிரையில் போய் உட்கார எனக்குப் பிடிக்கவில்லை.

புதிய கடிதம் ஏழு வரி. பொருளை நான் வாங்கினேன். விதானையார் கேட்கவில்லை, அவருக்கு முன்கூட்டித் தெரியவும் தெரியாது. எங்கள் நிறுவனத்தில் இப்படிக் கொடுப்பது தடை. அதை நான் அறிந்துகொண்டே மீறினேன். ஒன்பது பேரையும் அனுப்பியதற்கு அவர் ஒரு சதமும் பெறவில்லை. படத்தைப் பகிர்ந்தவனும் நானே. கூட்டத்தில் இதை வாசிக்கும்படி கேட்டுக்கொள்கிறேன். கீழே என் கையொப்பம், பிரதி தலைமைக் காரியாலயத்துக்கு. ஜெயராணி முத்திரை அடித்தார். பதிவுத் தபாலில் போட்டேன். விதானையாருக்குத் தனியாக ஒரு கடிதமும் போட்டேன், மன்னிப்புக் கேட்டு.

தலைமைக் காரியாலயம் ஐந்தே நாளில் விளக்கம் கேட்டது. அவர்கள் அவ்வளவு விரைவாக வேலை செய்ததை என் சேவைக்காலத்தில் வேறெப்போதும் நான் கண்டதில்லை. எச்சரிக்கைக் கடிதம் வந்தது. நேர்முகத்துக்கு என்னை அழைக்கவில்லை. ஜெயராணி முகாமையாளரானார். அன்று காரியாலயத்தில் கேக் வெட்டினார்கள். நானும் ஒரு துண்டு சாப்பிட்டேன். நல்ல கேக் என்றுதான் சொல்ல வேண்டும், இருந்தும் சொல்லவில்லை.

விதானையாரிடமிருந்து ஒரு சொல்லும் இல்லை. சிறுபோகக் கூட்டம் நடந்தது என்று தெரியும். என் கடிதம் வாசிக்கப்பட்டதா என்று தெரியாது. வயல் விதைத்து முடிந்தது. ஹஜ்ஜுப் பெருநாளும் வந்து போனது. பெருநாள் வாழ்த்துக்கும் பதில் இல்லை. அந்தப் பக்கம் போகும் வேலைகளை மற்றவர்களுக்குக் கொடுத்துவிட்டேன். அவருடைய வாசலைத் தாண்டிப் போக எனக்கு முகமில்லை.

பிறகு ஒருநாள் காரியாலயத்துக்கு வந்த தபாலில் ஓர் உறை. பாடசாலைக் கொப்பித் தாள், நீல மை, அவருடைய கையெழுத்து.

“தம்பிக்கு, அஸ்ஸலாமு அலைக்கும். ஒங்கட கடிதத்த செயலாளர் கூட்டத்துல ரெண்டு தரம் வாசிச்ச. கூட்டம் முடிய அந்தக் கடைக்கோடி வயற்காரர் வந்து கையப் புடிச்சார். என்னத் திரும்பவும் விதானையா நிக்கச் சொன்ன. நான் ஓம் எண்டல்ல. ஒரு தரம் எண்ணின கைய மறுகா எண்ண வேணாம் எண்டு செல்லிட்டன். ஆனா இப்ப சந்திக்குப் போனா மனிசர் முந்தின மாதிரிக் கதைக்கிறாங்க. எனக்கு அது போதும். பதில் எழுதப் பிந்தினதுக்குக் கோவிக்க வேணாம். எனக்குக் கோவம் இரிந்த. கோவத்தோட எழுதக் கூடாது எண்டு வச்சிரிந்தன். மகள்ர மாப்புள்ள புதுசா வேன் எடுத்திரிக்கார். அவர ஜெயராணிப் புள்ளக்கிட்ட அனுப்பியிரிக்கன். ஒங்களிட்ட அனுப்பினா சனம் மறுகாக் கதைக்கும். நீங்க வீட்ட வாங்க.”

கடைசிக்கு முந்திய வரியை நான் பலமுறை வாசித்தேன். முகாமையாளரின் அறைக் கதவு திறந்திருந்தது. ஓர் இளைஞர் அவருக்கு முன்னால் உட்கார்ந்து வேனின் பதிவுப் புத்தகத்தை எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தார். நான் உள்ளே போகவில்லை. உறையைத் திருப்பி, வந்து சேரும் எல்லாக் கடிதத்துக்கும் செய்வதுபோல, மூலையில் திகதி முத்திரையைக் குத்தினேன். ஜூன் பதினேழு, செவ்வாய்க்கிழமை.